சரி என்று சொல்லும் கட்டுரை

நர்சிங் கல்லூரி நூலகங்களுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் படிக்கக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. "சார், ரெஃபரன்ஸ் வேணும்" என்றுதான் வருவார்கள். கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு வேண்டாம். பிராஜெக்டின் கடைசிப் பக்கங்களில் அதன் பெயர் இருந்தால் போதும். எத்தனை வேண்டும் என்று கைடு சொல்லி அனுப்பியிருப்பார். இப்போது அதற்கும் உங்களைத் தேடி வரவேண்டியதில்லை. செல்போனிடம் கேட்டால், யாருமே எழுதாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், இதழின் பெயர் எல்லாம் வைத்து அழகாகக் கொடுத்துவிடுகிறது. "இப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே கிடையாதம்மா" என்று சொல்லிச் சொல்லியே என் கடைசி வருடங்கள் கழிந்தன.

எப்படித் தேடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தேடியது கிடைத்த பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்கிறேன். கசப்பாகத்தான் இருக்கும். இனிப்பாகச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். கருத்தரங்க மேடைகளில் சால்வையோடு உட்கார்ந்திருப்பார்கள், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த கல்லூரி சங்கரன்கோவிலுக்கு வெளியே, விசைத்தறிச் சத்தம் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. கல்லூரியை நடத்துகிற டிரஸ்டுக்கு ஊருக்குள் ஓர் ஆஸ்பத்திரியும் உண்டு. டிரஸ்ட் தலைவரின் மனைவிதான் அங்கே பிரசவம் பார்க்கிற பெரிய டாக்டர். எங்கள் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு அங்கேதான் வேலை பழகப் போவார்கள்.

மாரிச்செல்வி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இளையரசனேந்தல் பக்கத்துப் பிள்ளை. அப்பா ஆடு மேய்க்கிறவர். ஊர் ஊராகப் போய் வயல்களில் ஆட்டுக் கிடை போடுவார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்தவள் என்பதால் ஆங்கிலப் புத்தகங்களைக் கண்டால் அவளுக்குப் பயம். நூலகத்துக்கு வந்தால் நாளிதழ் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்று அவள் வந்தபோது நூலகத்தில் வேறு யாரும் இல்லை. நேராக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒரு ஆராய்ச்சி வேணும்."

"எதைப் பத்தி?"

சொல்லத் தயங்கினாள். நான் ஆண். அவள் கேட்க வந்தது பிரசவத்தைப் பற்றி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிள்ள வெளிய வரதுக்காக அம்மாவோட வயித்த மேல இருந்து அழுத்துவாவ சார். அப்படி அழுத்தலாம், அது சரிதான்னு சொல்லுத ஆராய்ச்சி வேணும்."

இங்கே நிறுத்திக் கவனியுங்கள். அவள் 'அது சரியா' என்று கேட்கவில்லை. 'சரி என்று சொல்லுகிற ஆராய்ச்சி' கேட்டாள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்வியோடு யாராவது வந்தால் கணினியைத் தொடாதீர்கள். முதலில் ஆளைப் பாருங்கள்.

"உக்காரும்மா," என்றேன். "என்ன நடந்துச்சு?"

அந்த வாரம் அவளுக்கு லேபர் ரூமில் வேலை. பனவடலிசத்திரத்தில் இருந்து ஒரு பெண் தலைப் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாரிச்செல்வியை விடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருந்திருப்பாள். வலி எடுத்து நேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. பெரிய டாக்டர் மாரிச்செல்வியைப் பார்த்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். இவளும் பலம் கொண்டமட்டும் அழுத்தியிருக்கிறாள். பிள்ளை பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்சில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

"நான் அழுத்தயில அந்த அக்கா என் கையப் பிடிச்சித் தள்ளுனாவ சார். 'வேண்டாம்மா, விட்டுரும்மா'ன்னாவ. டாக்டரம்மா 'இன்னும் அழுத்து'ன்னாவ. நான் அழுத்துனேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது சரின்னு எங்கயாச்சும் எழுதியிருக்கும்லா சார்?"

"நாளைக்கு வா. தேடி வைக்கிறேன்," என்றேன்.

தேடினேன். பணம் கட்டிப் படிக்கிற தளங்கள் எங்கள் கல்லூரியில், கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வருகிற மாதத்தில் மட்டும் திறந்திருக்கும், பிறகு மூடிக்கொள்ளும். அதனால் இலவசமாகக் கிடைப்பதில்தான் தேட முடிந்தது. அதிலேயே வேண்டிய மட்டும் இருந்தது. பல நாடுகளில் பலர் ஆராய்ந்திருந்தார்கள். வழிகாட்டுதல்களும் இருந்தன. சுற்றி வளைத்துச் சொன்னாலும் நேராகச் சொன்னாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டின: அப்படி அழுத்தக் கூடாது, அதனால் நன்மை இருப்பதாக உறுதி இல்லை, தாய்க்குக் கேடு வரலாம். ஒரே ஒரு பழைய கட்டுரை மட்டும், சிலரை வைத்துப் பார்த்துவிட்டு, பெரிய கெடுதல் ஒன்றும் தெரியவில்லை என்று முடித்திருந்தது.

அந்தப் பழைய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். இதை மட்டும் கொடுத்தால் அந்தப் பிள்ளை இன்றைக்குத் தூங்கும். அவள் கேட்டதும் இதுதான். கேட்டதைக் கொடுத்தேன் என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். எதிரே நிற்பவர்மேல் இருக்கிற இரக்கமே உங்களைத் தப்பான பக்கம் தள்ளும்.

மறுநாள் எல்லாவற்றையும் அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். "இதுல ஒண்ணு உனக்கு ஆறுதலா இருக்கும். மத்தது அத்தனையும் கஷ்டமா இருக்கும். எல்லாத்தையும் படி. புரியாட்டி எங்கிட்ட வா."

அவள் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கத்திலிருக்கும் சுருக்கங்களை மட்டும்தான் படித்திருப்பாள். மத்தியானம் எழுந்து வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது.

"அப்போ நாந்தானா சார்?"

"ஒரு பிரசவத்த வச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா," என்றேன். "அழுத்தாமலே ஒருத்திக்கு அப்படி ஆகலாம். அழுத்தியும் ஒருத்திக்கு ஒண்ணும் ஆகாமப் போகலாம். அதனாலதான் ஆயிரக்கணக்கான தாய்மார சேத்து வச்சுப் பாக்காவ. அந்த அக்காவுக்கு உன்னாலதான் ஆச்சுன்னு இந்தக் கட்டுரைய எழுதுனவங்க கூடச் சொல்ல மாட்டாங்க. இனிமே அழுத்தாதேன்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

இது அவளைத் தேற்றச் சொன்னதல்ல. உண்மையே அதுதான். அவள் அதை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சில நாள் கழித்து அவளாகவே வந்து, "என் பிராஜெக்ட இதுலயே பண்ணப் போறேன் சார்," என்றாள். லேபர் ரூம் நர்சுகளுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு எழுதுவது. அவளுக்குக் கைடு எங்கள் பிரின்சிபாலேதான். தலைப்பை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அந்த அம்மாவும் சரி என்று சொல்லியிருந்தார்.

அடுத்து வந்த வாரங்கள்தான் என் பணிக்காலத்திலேயே நல்ல வாரங்கள். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் வந்துவிடுவாள். டவுன் பஸ் வரும்வரை இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். இங்கிலீஷ் வாக்கியத்தை நான் உடைத்துக் கொடுப்பேன். உடலைப் பற்றியதை அவள் எனக்குச் சொல்லித்தருவாள். சுருக்கம் ஒன்று சொல்லும், உள்ளே போனால் இன்னொன்று இருக்கும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அந்தப் பழைய கட்டுரையை முழுவதும் படித்துவிட்டு, "சார், இதுல கஷ்டமான பிரசவத்த எல்லாம் முதல்லயே ஒதுக்கிட்டாவ. பெறகு எப்படிக் கெடுதல் தெரியும்?" என்று கேட்டாள். எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு கட்டுரை முழுசாகக் கிடைக்கவில்லை. "எழுதினவங்ககிட்டயே கேட்போம்," என்றேன். அவள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் எழுதவைத்தேன். ஆடித்தபசுத் திருவிழா விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், எங்கோ கடல் கடந்து இருக்கிற அந்த ஆராய்ச்சியாளர் கட்டுரையோடு பதில் அனுப்பியிருந்தார். உன் ஆய்வு நன்றாக அமையட்டும் என்று ஒரு வரியும் இருந்தது. மாரிச்செல்வி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கா சார் அனுப்பியிருக்காவ?"

"உன் பேருதானே போட்டிருக்கு."

"எங்கப்பாட்ட காட்டணும்," என்று செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

அவள் எழுதிக் கொடுத்த அத்தியாயத்தைப் பிரின்சிபால் படித்தது அதற்குப் பிறகுதான். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் அந்தத் தாள்கள் கிடந்தன.

"யார் சார் இந்தப் பொண்ணுக்கு இதையெல்லாம் எடுத்துக் கொடுத்தது?"

"நான்தான் மேடம்."

"நம்ம ஆஸ்பத்திரியில என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? இதைப் பெரிய டாக்டர் பார்த்தா என்ன ஆகும்? வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் பார்த்தா என்ன ஆகும்?"

"அவ நம்ம ஆஸ்பத்திரி பேரு எங்கயும் எழுதல மேடம். கட்டுரைகள்ல உள்ளதத்தான் எழுதியிருக்கா."

"எதிர்ப்பக்கம் ஒரு கட்டுரை கூடவா கிடையாது? அழுத்தலாம், சரிதான்னு சொல்ற கட்டுரை. தேடுங்க."

அதே கேள்வி. அந்தப் பிள்ளை பயந்துபோய் வந்து கேட்டதை இந்த அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். நானும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் செய்தேன். அதே கட்டு முழுவதையும் கொண்டுவந்து வைத்தேன். பழைய கட்டுரையை மேலாகவே வைத்து, அதில் என்ன குறை என்பதையும் சொன்னேன். அவர் அதை மட்டும் எடுத்துப் புரட்டினார். "ரொம்பப் பழசு. எடுபடாது," என்று போட்டுவிட்டார்.

எழுந்து வாசல்வரை போனவனை மறுபடி கூப்பிட்டார். குரல் இப்போது மெதுவாக இருந்தது.

"சார், இன்னொண்ணு. தினமும் சாயங்காலம் நீங்களும் அந்தப் பொண்ணும் ஒரே மேஜையில உக்காந்து பிரசவம், கர்ப்பப்பைன்னு படிக்கிறீங்கன்னு ஹாஸ்டல் பிள்ளைங்க பேசிக்கிறாங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியுமா?"

இவ்வளவு வருட வேலையில் என்மேல் யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. சத்தம் போட்டிருக்கலாம். சத்தம் போட்டால் அது கல்லூரி முழுக்கப் போகும். போய் விழுவது என் தலையில் மட்டும் அல்ல, அந்தப் பிள்ளை தலையிலும்தான். அது தெரிந்துதான் அவர் மெதுவாகப் பேசினார். "நூலகக் கதவு எப்பவும் திறந்துதான் மேடம் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலியில் ஒரு பெரிய கல்லூரி நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 'வந்தவனுக்குப் பிடிச்சதக் கொடுக்கிறவன் கடைக்காரன். உள்ளது எல்லாத்தையும் கொடுக்கிறவன்தான் நூலகர்' என்று என்னிடம் பலதடவை சொன்னவர். அவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"உமக்கு என்ன வே கிறுக்கா?" என்றார். "நீரு என்ன டாக்டரா? ரிட்டயர் ஆகப்போற நேரத்துல இந்த வம்பு எதுக்கு? அந்தப் பிரின்சிபால் கேட்டத எடுத்துக் குடுத்துட்டு வீட்டப் பாத்துப் போரும்."

"நீங்கதான அண்ணாச்சி எல்லாத்தையும் குடுன்னு சொல்லித் தந்தது?"

"அது நான் கவர்மெண்ட் சம்பளம் வாங்கையில சொன்னது வே."

அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அவரிடம் யோசனை கேட்டதில்லை.

அந்த வாரமே மாரிச்செல்வியின் அப்பாவைக் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். கிடையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பிரின்சிபால் அறையில் இருந்து வெளியே வந்தவர் நேராக நூலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, எம்பிள்ள தப்பா எதுவும் எழுதிட்டாளா?"

"தப்பா எழுதல. சரியாத்தான் எழுதியிருக்கா."

"பெறகு என்னத்துக்கு என்னக் கூப்பிட்டாவ?"

"சரியா எழுதுனதுக்குத்தான்," என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். திறந்து கிடந்த கதவு, கணினிகள், நாங்கள் உட்கார்ந்து படித்த மேஜை எல்லாவற்றையும். "வெளிநாட்டுல இருந்து எம்பிள்ளைக்கு எழுதியிருந்தாவன்னு போன்ல காட்டுனா. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவ பேரு மட்டும் எதுன்னு காட்டச் சொன்னேன்." துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தம்மா ஒங்களப் பத்தி ஒண்ணு சொன்னாவ. நான் நம்பல. எம்பிள்ளைய எனக்குத் தெரியும். ஒங்களப் பாத்தாலும் தெரியுது. ஆனா நாளைக்கு ஊருல நாலு பேரு கேட்டா, நான் நம்பலன்னு எத்தன நாளைக்குச் சொல்லிக்கிட்டுத் திரிய முடியும்? அவளுக்கு மாப்பிள பாக்கணும்லா."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் மாரிச்செல்வி நூலகத்துக்கு வருவது நின்றுபோனது. ஒரு நாள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வந்தாள். அவர்கள் அலமாரிப் பக்கம் போனதும் என் மேஜைக்கு எட்டவே நின்று சொன்னாள்.

"தலைப்ப மாத்திட்டேன் சார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கை கழுவுறதப் பத்தி."

"எழுதுன அத்தியாயம்?"

"மேடம் வாங்கி வச்சிக்கிட்டாவ." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "என்ன மட்டும் சொல்லியிருந்தா நின்னிருப்பேன் சார். ஒங்களையும் சேத்துச் சொல்லுதாவ. எனக்கு டிகிரியும் வேணும். எங்கப்பா இனிமே எவ்வளவு காலம் ஆட்டுப் பின்னால நடக்கும்?"

"சரிம்மா. கை கழுவுறதுக்கு நிறையக் கட்டுரை இருக்கு. எடுத்துத் தாரேன்," என்றேன். எடுத்தும் கொடுத்தேன். ஒழுங்காக எழுதித் தேறினாள். பட்டமளிப்பு விழாவில் அந்த அப்பா முன்வரிசையில் இருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் தோற்றுப்போன கதை என்று விட்டிருப்பேன். முடியவில்லை. பிரின்சிபாலுக்குத் தேடியும் கிடைக்காத கட்டுரை, அவள் படித்து முடித்த வருடமே கிடைத்துவிட்டது. அவரே எழுதிவிட்டார். பெரிய டாக்டர் பெயரும் கூடவே இருந்தது. பணம் கட்டினால் சில நாளில் போட்டுவிடுகிற இதழ்கள் உண்டு, உங்களுக்கும் தெரியும். அதில் ஒன்றில் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவமான தாய்மார்களை வைத்துப் பார்த்ததில், பழகியவர்கள் அளவோடு அழுத்தினால் ஆபத்து இல்லை என்று முடிவு. நூலக அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். யார் யாரை ஆய்வில் சேர்த்தார்கள் என்று சொல்லுகிற பகுதியில் ஒரு வரி இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே வீட்டுக்கு அனுப்பப்பட்ட தாய்மார்கள் மட்டும் சேர்க்கப்பட்டார்கள்.

பனவடலிசத்திரத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் அல்ல. ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டவள். ஆகவே அவள் அந்தக் கட்டுரையில் இல்லை. யாருக்காவது மோசமாகப் போனால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே அனுப்பியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் நலம். இதில் எழுத்துப்பூர்வமாக ஒரு பொய்யும் கிடையாது. உங்களிடம் வருகிற பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்லித்தராவிட்டாலும் இதைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு கட்டுரையில் யார் இருக்கிறார்கள் என்பதை எல்லாரும் படிப்பார்கள். யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பலகையில் நான் அதை ஒட்டவில்லை. அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போனார். இதழுக்கு என் பெயரிலேயே மின்னஞ்சல் எழுதினேன். ஆய்வில் யாரை விட்டிருக்கிறார்கள் என்று விவரமாகச் சொல்லி, கட்டுரையை மறுபடி பரிசீலிக்கக் கேட்டேன். உடனே பதில் வந்தது. எங்கள் இதழில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, உங்கள் கட்டுரையையும் அனுப்பினால் கட்டணத்தில் சலுகை தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மறுபடி எழுதினேன். மறுபடியும் சலுகைதான் வந்தது.

ஓய்வு பெறுகிற நாளில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். போர்த்தியது பிரின்சிபால். 'மாணவிகளுக்கு ஆராய்ச்சி ஆர்வத்தை ஊட்டியவர்' என்று மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். நானும் கும்பிட்டேன். மேடையில் அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. சால்வையை வீட்டில் யாரிடமோ கொடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மாரிச்செல்வி கூப்பிட்டாள். வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. எப்போதாவது கூப்பிட்டுப் பேசுவாள். அன்று குரல் வேறு மாதிரி இருந்தது.

"சார், இன்னைக்கு லேபர் ரூம்ல என்ன அழுத்தச் சொன்னாவ. நான் முடியாதுன்னுட்டேன்."

இத்தனை வருடம் கழித்து அந்த மேஜையில் படித்தது ஒரு காரியத்துக்கு ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். "சபாஷ்," என்றேன். "பெறகு?"

"பெறகு என்ன சார், பக்கத்துல நின்ன சிஸ்டர் வந்து அழுத்துனாவ. என்ன வெளிய நிக்கச் சொல்லிட்டாவ. எல்லாம் முடிஞ்ச பெறகு டாக்டர் கூப்பிட்டாவ. திட்டல சார். பொறுமையாத்தான் கேட்டாவ, ஏன் மாட்டேன்னேன்னு. நாம படிச்சத எல்லாம் சொன்னேன். எந்தக் காலேஜுல படிச்சேன்னு கேட்டாவ. சொன்னேன். அங்கனயே போன எடுத்துத் தேடிப் பாத்தாவ. நம்ம மேடம் எழுதுன கட்டுரைதான் சார் வந்துச்சு. எங்கிட்டயே காட்டி, 'உங்க காலேஜுலயே சரின்னுதான எழுதியிருக்காங்க, அப்புறம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"அதுல யார விட்டுருக்காவன்னு நீங்க முன்னால போன்ல சொன்னதச் சொல்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அவியளுக்கு வேற கேஸ் வந்துட்டு."

கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

"அந்தத் தாயும் பிள்ளையும் எப்படிம்மா இருக்காங்க?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காவ சார்," என்றாள். "நல்லா இருக்கணும்னுதான் நானும் வெளிய நின்னு சாமி கும்பிட்டேன். ஆனா சார், அவிய நல்லா இருக்கதுனால, இனிமே அங்கன யாரும் என் பேச்சக் கேக்க மாட்டாவ."